எஸ்எஸ் வெல்டிங்குக்கு காஸ் லென்ஸ் செட்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

டிக் மெஷினில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரிய, ஆர்கான் காஸ் காற்றைத் தடுக்கும் வெல்டிங்) எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, போட ஆரம்பித்த எல்லோரும் இந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்திருப்பார்கள். உருகிய உலோகக் குளம் ஒழுங்காக ஓடுகிறது, அதில் ஊட்டும் ராடு நன்றாகக் கரைகிறது, கை நடுங்கவில்லை, ஆனால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தால் வெல்டு பழைய ஈயம் மாதிரி மங்கிக் கிடக்கிறது. எனக்கு இது வெகுநாள் நடந்தது. ஆம்பியரைக் குறைத்தேன், கூட்டினேன், காஸைத் திறந்துவிட்டேன், டங்ஸ்டனை மாற்றினேன், ஆர்கானில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டு சிலிண்டரையே மாற்றினேன். அடுத்து மெஷினை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டார்ச்சின் முனையில் மாட்டி காஸைச் சீராக இறக்கும் இந்த காஸ் லென்ஸ் செட்டை வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. கிட்டத்தட்ட தினமும் கையில் இருக்கிறது. மெஷினை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 3 மிமீக்குக் குறைவான எஸ்எஸ் தகடோ குழாயோ வெல்டு செய்கிறவர் என்றால் இதை வாங்குங்கள். ஆனால் இது எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது 17, 26 எண் டார்ச்சுகளுக்கான குட்டை செட். அதாவது பெரிய டார்ச்சில் 9, 20 எண் டார்ச்சின் சின்னப் பாகங்களை மாட்டிக்கொள்ள ஒரு வெள்ளை டெஃப்லான் அடாப்டர் வளையம், அதனுடன் 1.6, 2.4 மிமீ டங்ஸ்டனுக்கான லென்ஸ் பாடிகள், டங்ஸ்டனைப் பிடிக்கும் குட்டைக் காலெட்டுகள், காஸ் வெளியேறும் 6, 7, 8 எண் பீங்கான் கப்புகள், ஒரு 12 எண் கண்ணாடிக் கப், ரப்பர் ஓ ரிங்குகள், டார்ச்சின் பின்னால் திருகி டங்ஸ்டனை இறுக்கும் சின்ன பேக் கேப். மேலே பிராண்டு பெயர் எதுவும் அச்சிடாத பொதுவான செட்தான். கப்பின் எண் என்ன என்று பலர் கேட்பதால் சொல்கிறேன்: அது ஒரு அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 6 எண் என்றால் வாய் 9.5 மிமீ, 8 எண் என்றால் 12.7 மிமீ, 12 எண் என்றால் 19 மிமீ.

லென்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏதோ கண்ணாடி என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் காலெட் பாடியில் பக்கவாட்டில் நாலு ஓட்டை இருக்கும், காஸ் அதன் வழியாகச் சீறி வந்து கப்பின் சுவரில் மோதிச் சுழன்றுகொண்டு கீழே இறங்கும். லென்ஸ் பாடியில் அந்த ஓட்டைகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி வலை அடுக்கடுக்காக இருக்கிறது. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்தால் சிதறி விழும், கொஞ்சமாகத் திறந்தால் கண்ணாடிக் கம்பி போல நேராக இறங்கும், அந்த வித்தியாசம்தான். வலை வழியாக வரும் ஆர்கான் சுழலாமல் தூண் மாதிரி இறங்குவதால் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுப்பதில்லை. காஸ் போர்வை கப்பை விட்டு வெகுதூரம் கலையாமல் போகிறது.

மாட்டும்போது ஒரு தவறு செய்துவிட வாய்ப்பு உண்டு, நானும் செய்தேன். பழைய இன்சுலேட்டர் வளையத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே லென்ஸ் பாடியைத் திருகினால் அது முழுதாக உட்காராது. பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்துவிடும், வெல்டு முன்பை விட மோசமாகக் கறுக்கும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் கறுத்தது, செட்டே சரியில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். பழையதை எடுத்துவிட்டு டெஃப்லான் வளையத்தைப் போட்டதும் சரியானது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆர்க் இல்லாமல் காஸை மட்டும் ஓடவிட்டு, கப்பின் வாயை ஒரு தட்டையான ரப்பர் துண்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு காஸ் அளவு காட்டும் ஃப்ளோமீட்டரில் உள்ள உருண்டையைப் பாருங்கள். அது கீழே இறங்கி உட்கார வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்கும் கப்புக்கும் நடுவில் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஹோஸாக இருக்கலாம், டார்ச்சின் ஓ ரிங்காக இருக்கலாம். எஸ்எஸ் வேலைக்கு உட்காரும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையை இப்போது பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

சரி, வெல்டுக்கு வருகிறேன். ஒரே 2 மிமீ 304 ரக எஸ்எஸ் தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகள், ஒரே 1.6 மிமீ சீரியம் கலந்த டங்ஸ்டன், ஒரே 60 ஆம்பியர், 1.6 மிமீ 308எல் ராடு. பழைய காலெட் பாடியில் 6 எண் கப், நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆர்கான்: நடுவில் சாம்பல், ஓரத்தில் கருநீலம். அதே 8 லிட்டரில் லென்ஸும் 8 எண் கப்பும்: ஓரத்தில் நீலம், நடுவில் செம்பு நிறமும் வைக்கோல் நிறமும் கலந்து. 12 எண் கப்பில் 13 லிட்டர்: வைக்கோல் நிறம், அங்கங்கே வெள்ளி. இடையில் வேறு எதையும் மாற்றவில்லை. மூன்று துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் ஆம்பியர் குமிழியைத் திருகிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வீண் என்று புரிந்தது.

அந்த நிறம் எதைச் சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம், அதன் கனம் சில நானோமீட்டர்தான். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அந்தப் படலம் நிற்கும். 304இல் 18 சதவீத அளவுக்கு இருக்கிறது. சூட்டில் ஆக்சிஜன் பட்டால் இந்தப் படலம் தடித்துக்கொண்டே போகும். மெல்லியதாக இருந்தால் வைக்கோல் நிறம், தடித்தால் நீலம், இன்னும் போனால் சாம்பல், கறுப்பு. படலம் தடிக்கத் தேவையான குரோமியம் அடியில் உள்ள உலோகத்திலிருந்து போகிறது, அதனால் கறுத்த படலத்துக்குக் கீழே குரோமியம் வற்றிய ஒரு அடுக்கு மிஞ்சுகிறது. துரு அங்கேதான் தொடங்கும். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், அந்த வற்றிய அடுக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

எனக்கு இந்த செட் தந்த பெரிய பலன் இங்கேதான். முன்பு சாம்பல் நிறம் வந்தால் அது காஸ் குறையாலா, சூடு அதிகமானதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். லென்ஸ் போட்டு காஸ் விஷயம் ஒழுங்கான பிறகு, மிச்சம் தெரியும் நிறம் முழுக்க என் கையின் நிறம். நீலம் வந்தால் நான் மெதுவாகப் போயிருக்கிறேன் என்று அர்த்தம். ஒவ்வொரு வெல்டும் ஒரு ரிப்போர்ட் மாதிரி ஆகிவிட்டது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதை விட நல்ல வாத்தியார் கிடையாது.

சூட்டைப் பற்றிப் பேசினால் எஸ்எஸ்ஸின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். சாதா இரும்போடு ஒப்பிட்டால் 304 வெப்பத்தைக் கடத்துவது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் சூடானால் விரிவது ஒன்றரை மடங்கு. அதாவது போட்ட சூடு போட்ட இடத்திலேயே தங்கும், தங்கிய இடம் பெரிதாக விரியும், ஆறும்போது இழுக்கும். தகடு நெளிவது இதனால்தான். அதோடு 425 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் இடையில் உலோகம் அதிக நேரம் கிடந்தால் கார்பனும் குரோமியமும் சேர்ந்து உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளின் விளிம்பில் கார்பைடாகப் படியும், அந்த விளிம்புகள் அரிப்புக்குத் திறந்துவிடும். இதற்காகத்தான் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத 304எல், 316எல் ரகங்களும் 308எல், 316எல் ராடுகளும் வந்தன. ராடு வாங்கும்போது கடைசியில் அந்த எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டைக் குறைக்க வேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் செய்வது ஆம்பியரைக் குறைப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன், அது தவறு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 60 ஆம்பியர், 10 வோல்ட், நிமிடத்துக்கு 100 மிமீ வேகம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 0.36 கிலோஜூல். 80 ஆம்பியர், 11 வோல்ட், ஆனால் நிமிடத்துக்கு 200 மிமீ வேகம் என்றால் 0.26 கிலோஜூல். ஆம்பியர் கூடியிருக்கிறது, தகடு வாங்கிய சூடு குறைந்திருக்கிறது. குறைந்த ஆம்பியரில் குளம் உருவாகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு பக்கவாட்டில் பரவிக்கொண்டே இருக்கும். அதனால் குளம் இரண்டு நொடிக்குள் உருவாகும் அளவுக்கு ஆம்பியர் வைத்து, உடனே நகர்ந்துவிட வேண்டும். என் கைக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 முதல் 35 ஆம்பியர் சரியாக வருகிறது. ஆர்க் நீளம் டங்ஸ்டனின் தடிமனைத் தாண்டக் கூடாது. நீளமானால் வோல்ட் ஏறும், குளம் அகலும், நிறம் உடனே மாறும்.

இந்த இடத்தில் லென்ஸுக்கு இன்னொரு பங்கு இருக்கிறது. சாதாரணக் கப்பில் டங்ஸ்டனை 5, 6 மிமீக்கு மேல் வெளியே நீட்டினால் காஸ் எட்டாது. லென்ஸில் 15 மிமீ, 8 எண் கப்பில் சில சமயம் 20 மிமீ வரை நீட்டி வேலை பார்க்கிறேன். இதனால் குளம் தெளிவாகத் தெரிகிறது, தெரிந்தால் ஆர்க்கைக் குட்டையாக வைக்க முடிகிறது, உள் மூலைகளில் கப் இரண்டு பக்கமும் இடிக்காமல் நுனி மட்டும் போய்ச் சேர்கிறது. குழாய்க் கைப்பிடியின் முட்டு மூலைகளை முன்பு எப்படிப் போட்டேன் என்றே இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. டார்ச்சை மட்டும் அதிகம் சாய்க்காதீர்கள், நேர் நிலையிலிருந்து 15, 20 டிகிரி போதும். நன்றாகப் படுக்க வைத்தால் லென்ஸ் இருந்தாலும் பின்பக்கம் காற்று நுழைந்துவிடும்.

காஸ் அளவு விஷயத்தில் அதிகம் என்றால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. 6 எண்ணுக்கு 7, 8 லிட்டர், 8 எண்ணுக்கு 8 முதல் 10, 12 எண்ணுக்கு 12 முதல் 15, இதற்கு மேல் திறந்தால் லென்ஸிலும் காஸ் சுழல ஆரம்பித்து காற்றை இழுக்கும். ஆர்கான் சுத்தமானதாக, 99.99 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை டிக்கில் மாட்டினால் டங்ஸ்டன் சில நொடியில் எரிந்துவிடும்.

ஆர்க் அணைந்த பிறகும் காஸ் ஓடும் நேரத்தைப் பத்து நொடிக்குக் குறைக்காதீர்கள். 100 ஆம்பியருக்கு மேல் என்றால் இன்னும் கூட்டுங்கள். வெல்டின் கடைசிக் கால் அங்குலம் மட்டும் கறுக்கிறது என்று புலம்புகிறவர்கள், ஆர்க் அணைந்ததும் கையை எடுத்துவிடுகிறவர்கள்தான். டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு இருங்கள், செந்நிறம் முழுதாக மறையட்டும். ராடு நுனிக்கும் இதே விதிதான். ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு ராடை வெளியே இழுத்தால் சூடான நுனி காற்றில் கறுத்து, அடுத்த சொட்டில் அந்தக் கறுப்பே குளத்துக்குள் போகும். 12 எண் கப்பின் பெரிய போர்வை இதற்கும் வசதி, ராடை ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்தாலும் அது காஸுக்குள்ளேயே இருக்கிறது. நிறுத்தி மறுபடி தொடங்கும்போது நுனியை வெட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

மின்னோட்டத்தை மாறி மாறி ஏற்றி இறக்கும் பல்ஸ் வசதி இருந்தால் மெல்லிய தகட்டில் பயன்படுத்துங்கள். நான் நொடிக்கு ஒன்றரை பல்ஸ், உச்ச நேரம் 35 சதவீதம், அடித்தள மின்னோட்டம் 25 சதவீதம் என்று வைத்து, ஒவ்வொரு உச்சத்துக்கும் ஒரு சொட்டு ராடு கொடுக்கிறேன். 1 மிமீ தகட்டில் இது நெளிவை நன்றாகக் குறைக்கிறது. நொடிக்கு நூறுக்கு மேல் வைத்தால் ஆர்க் ஊசி மாதிரி குவியும், விளிம்பு வெல்டுக்கு அது பிடிக்கும்.

இனி இந்த செட் செய்யாததைச் சொல்கிறேன், ஏமாற்றம் வேண்டாம். லென்ஸ் முன்பக்கத்தை மட்டும்தான் காக்கும். வெல்டின் பின்பக்கம் காற்றுக்குத் திறந்திருந்தால், முழு ஊடுருவல் வந்த இடமெல்லாம் கருகிய சர்க்கரை மாதிரிக் கொப்பளித்து நிற்கும். முன்னால் வெள்ளி நிறம், உள்ளே கரி. தகடுக்கு அடியில் அலுமினியக் கட்டையை அழுத்தி வைத்தால் காற்றும் குறையும், சூட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும், பல வேலைக்கு அது போதும். குழாய்க்கு ஆர்கானை உள்ளே நிரப்பித்தான் ஆக வேண்டும். இரண்டு முனையையும் அலுமினிய டேப்பால் மூடி, ஒரு முனையில் காஸ் உள்ளே, மறு முனையில் சின்ன ஓட்டை. ஆர்கான் காற்றை விட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், அதனால் கீழிருந்து நிரப்பி மேலே வெளியே விடுங்கள். 50 மிமீ உள்விட்டம், ஒரு மீட்டர் நீளக் குழாயின் கொள்ளளவு சுமார் 2 லிட்டர், ஐந்து மடங்கு என்றால் 10 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டரில் இரண்டே நிமிட வேலை. வெல்டு தொடங்கும்போது 2, 3 லிட்டராகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசி இடைவெளி மூடும் நேரத்தில் உள் அழுத்தம் குளத்தை வெளியே தள்ளிவிடும். வெளியேறும் ஓட்டையை மறந்தும் அடைக்காதீர்கள்.

குழாயின் உள் நிறத்தை எப்படி மதிப்பிடுவது என்றால் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி18.2 வழிகாட்டியில் ஒரு வண்ணப்படம் இருக்கிறது. உள்ளே இருந்த ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 10 பங்கிலிருந்து 25,000 பங்கு வரை போகும்போது வெல்டு எப்படி மாறுகிறது என்று பத்துக் குழாய்களை வரிசையாக வைத்துக் காட்டியிருப்பார்கள். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் கண்ணுக்கு ஒரு அளவுகோல் வந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: ஆர்கானுக்கு வாசனை கிடையாது, தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் தங்கி மூச்சுக்கான ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். உள்ளே இறங்கி வேலை பார்க்கிறவர் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் வெளியே ஒரு ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது.

லென்ஸால் சரியாகாத இன்னொன்று சுத்தம். இதில் நான் பட்டது ஒன்று. வெல்டு எல்லாம் பளிச்சென்று வந்த ஒரு கைப்பிடி வேலை, சில வாரங்களில் வெல்டு ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வெல்டில் குறை எதுவும் இல்லை. சாதா இரும்புக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷால் கடைசியில் துடைத்திருந்தேன், அதிலிருந்த இரும்புத் துகள் மேலே ஒட்டி அதுதான் துருப்பிடித்தது. அன்றிலிருந்து எஸ்எஸ்ஸுக்குத் தனி எஸ்எஸ் பிரஷ், தனி கிரைண்டர் டிஸ்க், தனி மேசை விரிப்பு. அந்தக் கைப்பிடியை முழுக்க மறுபடி பிக்கிளிங் (அமிலம் பூசி மேல் அடுக்கைக் கரைத்துச் சுத்தம் செய்வது) செய்து கொடுத்தேன். பிக்கிளிங் பேஸ்டில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் இருக்கும். இரண்டாவது தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை போகக்கூடியது, முதலில் வலி கூடத் தெரியாமல் இருக்கலாம். அதற்கான கையுறை, முகக் கவசம், பக்கத்தில் கால்சியம் குளுகோனேட் ஜெல், இவை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வெல்டுக்கு முன் எண்ணெய் துடைக்க அசிட்டோன் போதும், முழுதாகக் காய்ந்த பிறகு ஆர்க். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை ஒருபோதும் தொடாதீர்கள். ஆர்க்கின் புற ஊதாக் கதிரும் சூடும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும், உயிரையே எடுக்கும். டிக்கில் புகை குறைவு என்பதால் மாஸ்க் வேண்டாம் என்று சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள். எஸ்எஸ் புகையில் ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. காற்றுப் போக்கு வேண்டும், ஆனால் மின்விசிறியை நேராக வெல்டைப் பார்த்து வைத்தால் லென்ஸ் போட்டும் பயனில்லை. புகையைப் பக்கவாட்டில் உறிஞ்சும்படி வையுங்கள்.

ராடு பற்றி ஒரு வரி. 304க்கு 308எல், 316க்கு 316எல், எஸ்எஸ்ஸையும் சாதா இரும்பையும் சேர்க்க 309எல். மூன்றாவது வேலைக்குக் கையிலிருக்கிறதே என்று 308எல் போட்டால் இரும்பு கலந்து நீர்த்துப்போய் வெல்டு கடினமாகி விரிசல் விடலாம்.

செட்டின் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை அந்த வலைதான். டங்ஸ்டன் குளத்தில் பட்டாலோ, அழுக்கு மூட்டு வெடித்துத் தெறித்தாலோ, உருகிய துளி வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் காஸ் தடைபட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும், வெல்டின் ஒரு ஓரம் மட்டும் தொடர்ந்து நீலமாக வந்தால் வலையைப் பாருங்கள். மூன்றாவது மாதத்தில் 1.6 மிமீ லென்ஸ் ஒன்றை இப்படி இழந்தேன். வெறும் தூசு என்றால் திருகு பக்கத்திலிருந்து காற்று அடித்தால் போய்விடும், உருகி ஒட்டியது போகாது.

இரண்டாவது, கண்ணாடிக் கப். அதன் வழியாகக் குளத்தைப் பக்கவாட்டில் பார்க்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் நீளமான வெல்டு போட்டுச் சூடாக இருக்கும்போதே குளிர்ந்த இரும்பு மேசையில் வைத்தேன், விரிசல் விட்டுவிட்டது. 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து போடுகிறவர்கள் 12 எண் பீங்கான் கப்பையே வாங்கிக்கொள்ளலாம். கப்பைப் பிடித்திருக்கும் ஓ ரிங்கும் சூட்டில் கெட்டியாகி நாலைந்து மாதத்தில் பிடிப்பு விடுகிறது, தளர்ந்தால் கப் ஆடும், அங்கேயும் காற்று நுழையும். செட்டில் வந்த 2.4 மிமீ காலெட்டுகளில் ஒன்று டங்ஸ்டனைப் பிடிக்கவே இல்லை, பேக் கேப்பை எவ்வளவு இறுக்கினாலும் நழுவியது. விற்றவரிடம் எழுதினேன், பதில் வரவில்லை, தனியாக வாங்கிப் போட்டேன். பொதுவான செட் வாங்கும்போது இந்த மாதிரி ஒன்றிரண்டு பாகங்கள் தேறாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே எல்லாக் காலெட்டிலும் டங்ஸ்டனைச் செருகிப் பாருங்கள், எல்லா லென்ஸையும் வெளிச்சத்தில் பிடித்து வலை மையத்தில் இருக்கிறதா, ஒரே சீராக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

டங்ஸ்டனும் கூட வரும் செட்டுகள் இருக்கின்றன. அதில் சிவப்பு நுனி இருந்தால் அது தோரியம் கலந்தது, லேசான கதிரியக்கம் உண்டு, தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. சாம்பல் நுனி சீரியமோ நீல நுனி லாந்தனமோ எஸ்எஸ்ஸுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எதுவானாலும் கோடுகள் நுனியை நோக்கி நீளவாக்கில் இருக்கும்படி தீட்டுங்கள், குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும்.

யாருக்கு இது தேவையில்லை? கனமான சாதா இரும்பு போடுகிறவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காற்றடிக்கும் வெளியிடத்தில் எந்த லென்ஸும் காப்பாற்றாது, மறைப்பு கட்டித்தான் ஆக வேண்டும். 12 எண் கப் நெருக்கமான இடத்தில் நுழையாது, அதை மேசை வேலைக்கும் குழாயின் வெளிச்சுற்றுக்கும் வைத்துக்கொண்டு மற்றதற்கு 8 எண்ணையே மாட்டுகிறேன். உண்மையில் என் வேலையில் முக்கால்வாசி 8 எண்ணிலேயே முடிந்துவிடுகிறது.

மறுபடி வாங்குவதென்றால் முழு செட்டை வாங்க மாட்டேன். டெஃப்லான் அடாப்டர் ஒன்று, 1.6 மிமீ லென்ஸ் பாடி இரண்டு, அதற்குக் காலெட் இரண்டு, 8 எண் பீங்கான் கப் மூன்று, 12 எண் பீங்கான் கப் ஒன்று, ஓ ரிங் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். செட்டில் வந்த 6, 7 எண் கப்புகள் எட்டு மாதத்தில் மொத்தமே நாலைந்து முறைதான் வெளியே வந்தன. அப்புறம், லென்ஸ் வந்துவிட்டது என்று பழைய காலெட் பாடியையும் அதன் இன்சுலேட்டரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துருவும் பெயின்ட்டுமாக ரிப்பேருக்கு வரும் இரும்பு வேலைக்கு அதைத்தான் மாட்டுகிறேன், தெறிப்பெல்லாம் அதன் மேல் விழட்டும், வலை எஸ்எஸ்ஸுக்காகச் சுத்தமாக இருக்கட்டும்.